பிடரியில் வந்த நம்பர்

தென்காசிச் சாரல் காற்று வண்ணார்பேட்டை வரைக்கும் இறங்கி வந்து கடைப் பலகைகளை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு ஆனி மாதப் புதன்கிழமையில், ஆனந்த வளாகத்தின் முதல் மாடியில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற எங்கள் எல்லோருடைய பிடரியிலும், முடி முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர் வந்திருந்தது. எழுத்து எங்களுக்குப் பழக்கமானதுதான். மதர்போர்டில் மெமரி சொருகுகிற இடத்துக்குப் பக்கத்திலோ ஃபேனுக்கு அடியிலோ பொடி எழுத்தில் அச்சடித்திருக்குமே, அதே வெள்ளை, அதே வரிசை, முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு எண்கள், கடைசியில் அது எத்தனையாவது திருத்தம் என்று சொல்கிற ரிவிஷன். முதலில் கண்டவர் கீழ்த்தளத்து சலூன் மாடசாமி. சோப்பைத் தடவிக்கொண்டே, "என்ன அண்ணாச்சி, கழுத்துல நம்பர் போட்டிருக்கு, ரேஷன் கடையில போட்டாகளா?" என்று கேட்டார். நாற்காலியில் இருந்த எங்கள் ஆள் நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தால், அங்கே அத்தனை பேரும் அடுத்தவர் பிடரியை எட்டிப் பார்த்துக்கொண்டும் தங்கள் பிடரியைக் கையால் பொத்திக்கொண்டும் நின்றார்கள்.

எப்படி வந்தது என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. என் நம்பரை யார் பார்த்தது என்பதுதான் ஒவ்வொருவருக்கும் இருந்த கேள்வி. வெளியாட்களுக்கு இது விளங்காது, அதனால் எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். லேப்டாப்பின் மூடியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கிற போர்டைச் செய்தவர் வேறு யாரோவாக இருப்பார்; போர்டின் நம்பரைக் கண்டுபிடித்தால்தான் அதன் லேஅவுட் ஃபைல் கிடைக்கும், ஃபைலைத் திறந்தால்தான் எந்தக் கோடு எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது, எந்த இடம் கரண்டை விழுங்குகிறது என்பது தெரியும், அது இல்லாமல் போர்டைத் தொடுவது இருட்டில் ஊசிக்கு நூல் கோக்கிற வேலை. அந்த ஃபைல்களோ லேசில் கிடைப்பதில்லை. எந்தெந்த நாட்டுக்காரர்களோ கூடிப் பேசுகிற இணையதளங்களில் கெஞ்சி, நம்மிடம் இருப்பதைக் கொடுத்து, அவர்களிடம் இருப்பதை வாங்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வாங்கியது எதிர்க்கடைக்காரனுக்கு உதவிவிடக் கூடாதே என்று, ரிப்பேர் முடிந்ததும் பிளேடை எடுத்து போர்டின் நம்பரைச் சுரண்டி வழித்துவிடுவோம். நாளைக்கு அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போனால் அங்கே இருக்கிறவன் நம்பர் தெரியாமல் முழிக்கட்டும் என்பது கணக்கு. எல்லாக் கடையிலும் வழிப்போம், எல்லாக் கடையிலும் "சேச்சே, அந்தப் புத்தி நம்மகிட்ட கெடையாது" என்றும் சொல்வோம். இப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான், தங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில், நம்பர் வந்தது.

சாயங்காலத்துக்குள் ஃபைல்களும் வந்துவிட்டன. வழக்கமாகத் தேடுகிற தளங்களில் பிடரி நம்பரை அடித்தால் போர்டுக்கு வருவது போலவே ஆளுக்கும் ஃபைல் வந்தது. திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு மனித உருவம், உடம்பெல்லாம் புள்ளிகள், ஒரு புள்ளியைத் தொட்டால் அதிலிருந்து கோடு ஒளிர்ந்து ஓடி, சேருகிற இடத்தில் பெயரைக் காட்டியது. இரண்டு நாளில் வளாகத்தில் மற்றவர்களுக்கும் நம்பர் வந்துவிட்டது. கீழே டீக்கடை சுடலையின் முழங்கால் வலியைத் தொட்டால் கோடு அவர் தம்பியின் கல்யாணத்துக்குப் போய் நின்றது. வளாகத்துச் சொந்தக்காரரின் சிரிப்பைத் தொட்டால் எந்தக் கோடும் ஒளிராமல் 'இணைப்பு இல்லை' என்று வந்தது. வாடகை வாங்க வரும்போது அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்திருந்த எங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஃபைல் தேவைப்பட்டிருக்கவில்லை.

ஆடி பிறப்பதற்குள் நம்பர் ஊர் முழுக்கப் பரவியது, ஊரும் அதைப் புதுப் பஸ் ரூட்டை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொண்டது. ஜவுளிக்கடைகளில் காலர் உயர்ந்த சட்டைகள் தொங்கின, மருந்துக்கடைகளில் பிளாஸ்திரி தீர்ந்தது, பெண்கள் பூவைப் பிடரிக்குத் தாழ்த்தி வைத்தார்கள், பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடிதடி நடந்தது. பெண் பார்க்க வந்த இடங்களில் ஜாதகத்தோடு ரிவிஷனையும் கேட்டார்கள், "பையன் ரிவிஷன் மூணா? அப்போ ஏற்கெனவே ரெண்டு தடவ மாறியிருக்கானே" என்று இழுத்தார்கள். எங்கள் வளாகத்தில் மாடிப்படிதான் பெரும்பாடாக இருந்தது. யாரும் யாருக்கும் முன்னால் ஏற மாட்டோம், "நீங்க போங்க அண்ணாச்சி" என்றும் "இல்ல வே, நீரு போம்" என்றும் அடிப்படியிலேயே மரியாதை பொங்கி வழியும், கடைசியில் எல்லோரும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறப் பழகினோம். எங்கள் ரிப்பேர்க்காரர் சங்கத்தில் கூடி, யாரும் யாருடைய ஃபைலையும் தேடுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம், போட்ட கையோடு அவரவர் கடைக்குள் ஓடிப்போய் மற்றவர்களுடையதைத் தேடினோம். நம்பரை வழித்துவிடலாமே என்றால், தன் பிடரியைத் தானே பார்த்து வழிக்க முடியாது, பிளேடைக் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து நிற்கிற அளவுக்கு நம்பிக்கையான ஆளும் எங்களில் யாருக்கும் அமையவில்லை.

ஆறுமுகநயினாருக்கு அப்படி ஒரு ஆள் இருந்தாள், அவன் மனைவி சங்கரவடிவு. ஆனால் அவன்தான் எங்கள் மாடியிலேயே தடித்த துண்டாகப் பார்த்து வாங்கிக் கழுத்தில் சுற்றியிருந்தான். படி ஏறியதும் முதல் கடை அவர்களுடையது, பற்றவைப்பது அவன் கை, போர்டை அடையாளம் கண்டு ஃபைல் தேடுவது அவள் கை. வடிவு தேடிக் கிடைக்காத ஃபைல் என்று ஒன்று இருந்ததில்லை. ஊரில் நம்பர் பரவியதும் ஜனங்கள் லேப்டாப்பை விட்டுவிட்டுத் துண்டுச் சீட்டோடு அவளிடம் வந்தார்கள், ஒருத்தி மாமியார் நம்பரோடு வந்தாள், ஒருவர் தன் பங்காளியின் நம்பரோடு வந்தார், வடிவு எல்லோரிடமும் ஒன்றையே சொல்லி அனுப்பினாள்.

"போர்டுக்குத்தான் தேடுவேன். ஆளுக்குத் தேட மாட்டேன். தெரியணும்னா அவுககிட்டயே போய்க் கேளுங்க."

இது நல்ல பேச்சுத்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நயினாருக்கு அங்கேதான் இடித்தது. இவ்வளவு சத்தமாக மாட்டேன் என்கிறவள் சத்தமில்லாமல் என்ன செய்கிறாளோ என்று யோசித்தான். அதோடு அவள் பிடரியை மறைக்கவும் இல்லை, மைக்ரோஸ்கோப்பில் குனியும்போது முடியைத் தூக்கிக் கிளிப் போட்டுக்கொண்டு ஊருக்கே தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள், "மறைக்க என்ன இருக்கு?" என்றாள். மறைக்காதவள் இதைவிடப் பெரியதை வேறெங்கோ மறைத்திருக்கிறாள் என்று அவன் முடிவுகட்டினான். சந்தேகம் வந்தவனுக்கு எல்லாமே சாட்சி. அவள் பேசினால் ஏன் பேசுகிறாள் என்று பார்த்தான், பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று பார்த்தான், சால்டரிங் முனையைக் கையில் பிடித்தபடி அவள் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருமுறை தன் சட்டைக் கையைப் பொசுக்கிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்க்கடை கஸ்பாரின் மேசையில் தங்கள் கடைப் போர்டுகளை அவன் பார்த்தான். ஏற்கெனவே இவன் ரிப்பேர் பார்த்துக் கொடுத்தவை, வேறு கோளாறுக்காக அங்கே போயிருந்தன, கஸ்பாரும் தட்டுத்தடுமாறாமல் சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தான். நம்பர் வழித்த போர்டுகளுக்கு அவனுக்கு எப்படி ஃபைல் கிடைத்தது? கொடுக்க முடிந்த ஆள் ஒருத்திதான். கஸ்பாரும் வடிவும் பாளையங்கோட்டையில் ஒரே இன்ஸ்டிட்யூட்டில் ஒரே பெஞ்சில் இந்த வேலையைக் கற்றவர்கள் என்பது கல்யாணத்திலிருந்தே நயினாருக்குத் தெரியும், அது ஒரு விஷயமாக அன்றுவரை அவனுக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் அவள் குனிந்திருந்தபோது நம்பரை மனதில் ஏற்றிக்கொண்டு கீழே சுடலையின் டீக்கடைக்குப் போய், செல்போனில் தேடினான். அவள் ரிவிஷன் இரண்டு. இரண்டுக்கான ஃபைல் எந்தத் தளத்திலும் இல்லை, ரிவிஷன் ஒன்றுக்கானது மட்டும் கிடைத்தது. இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே போர்டைத் திருத்திச் செய்யும்போது கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் உள்ளே சில கோடுகளை மாற்றி விட்டிருப்பார்கள், ஒன்றின் ஃபைலைப் பார்த்து இரண்டில் கரண்ட் கொடுத்தால் உயிரோடு இருக்கிற போர்டு செத்துப்போகும். இது தெரியாதவன் இல்லை நயினார், 'நம்பர் மட்டும் பார்த்தால் போதாது, ரிவிஷன் பார்' என்று தன் கையாலேயே எழுதிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தவன். ஆனாலும் அவசரமும் ஆத்திரமும் சேரும்போது எங்கள் மாடியில் எல்லோரும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிற ஒரு வார்த்தை உண்டு, கிட்டத்தட்ட அதே போர்டுதானே என்று. அதைச் சொல்லிக்கொண்டு அவன் ஃபைலைத் திறந்தான். இடது விலாவுக்குக் கீழே ஒரு புள்ளியைத் தொட்டான், கோடு ஒளிர்ந்து, தொண்டை வரைக்கும் ஏறி, அங்கே தயங்கினாற்போல் ஒரு வளைவு வளைந்து, வலது உள்ளங்கையில் இறங்கி, கஸ்பார் என்று காட்டியது.

அவன் படியேறி வந்த வேகத்தில் பக்கவாட்டில் ஏறக்கூட மறந்துவிட்டான், துண்டு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஆடி வெள்ளி, காலை நேரம், நடைபாதையில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள், நாங்களும் வாசல் வாசலாக நின்றோம்.

"ஏளா, கஸ்பாருக்கு எத்தன ஃபைலு கொடுத்த?"

வடிவு மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். "என்ன சொல்லுதீங்க அத்தான்?"

"ஃபைலு மட்டுந்தானா, வேற என்னத்தயும் கொடுத்தியா? உன் விலாவுக்குக் கீழ இருந்து கோடு யாருகிட்டப் போய் நிக்குதுன்னு பாத்துட்டேன். ஊருக்கெல்லாம் தேட மாட்டேன்னு சொன்னியே, இதுக்குத்தானா?"

எதிர்க்கடை வாசலில் கஸ்பார் கையில் இடுக்கியோடு அப்படியே நின்றான். வடிவு அவன் பக்கம் திரும்பவில்லை. நயினாரையே பார்த்து, போர்டைப் பற்றிக் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"எந்த ரிவிஷன் பாத்தீங்க?"

நயினார் நழுவிக் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றினான்.

"கேக்கேன்ல, எந்த ரிவிஷன்?"

"ஒண்ணு," என்றான்.

"என் கழுத்துல என்ன போட்டிருக்கு?"

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அவன் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தோம், பிறகு பார்க்காதது போலத் தரையைப் பார்த்தோம். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. வடிவு மேசையிலிருந்த பிளேடை எடுத்தாள், கண்ணாடி இல்லாமல், கையைப் பின்னால் கொண்டுபோய், விரலால் தடவிப் பார்த்துத் தன் பிடரியைத் தானே சுரண்டினாள். சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது, கூடவே ஒரு கோடு ரத்தமும் வந்தது, அவள் அதைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள்.

"ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் தென்காசிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள்.

அதன்பிறகு அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாடிக்கையாளர்களிடம் பேசினாள், சுடலையிடம் டீக்குச் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டாள், சங்கத்துக்கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவவில்லை என்று எழுந்து கேட்டாள், நயினாரின் பக்கம் மட்டும் எதுவும் வரவில்லை. கரண்ட் தவறான இடத்தில் கொடுக்கப்பட்ட போர்டு எப்படி இருக்கும் என்பதை அவன் நன்றாக அறிவான். வெளியிலிருந்து பார்த்தால் கருகியது ஒன்றும் தெரியாது, விளக்கு எரியாது, அவ்வளவுதான். தான் செய்தது அவனுக்குத் தெரிந்தது, அவள் போய்விடுவாள் என்பதும் தெரிந்தது, சாப்பாடு இறங்காமல் கன்னம் ஒட்டிப்போனான், பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் எங்களில் யாரும் பக்கத்தில் போகவில்லை, ஆறுதல் சொல்லப் போனவன் பிடரியைப் பார்க்கத்தான் வந்தான் என்று அவன் நினைத்துவிடுவானே.

அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், சரியான ஃபைலைத் தேடுவது. ரிவிஷன் இரண்டு கிடைத்துவிட்டால் எந்தக் கோடு எங்கே மாறியது, எங்கே அறுந்தது, எங்கே ஒட்டினால் அவள் மறுபடி பேசுவாள் என்று பார்த்துவிடலாம் என்று நம்பினான். எல்லாத் தளங்களிலும் கெஞ்சினான், தன்னிடமிருந்த அத்தனை போர்டு ஃபைல்களையும் கொடுக்கிறேன் என்றான், கிடைக்கவில்லை. கிடைக்காத ஃபைலைத் தேடிக் கொடுக்கக்கூடியவள் அவனுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கஸ்பாரிடம் போனான். கஸ்பார் நாற்காலியை இழுத்து முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் பேச்சைத் தொடங்கினான்.

"வடிவோட ரிவிஷன் ரெண்டு ஃபைலு உம்மகிட்ட இருக்கா?" என்றான் நயினார்.

"எந்த ரெண்டும் என்கிட்ட இல்ல வே. ஒண்ணுல நான் இருந்தேங்கறதே அன்னைக்கு நீரு கத்தித்தான் எனக்குத் தெரியும். ஒரே பெஞ்சுல இருந்தோம், ஒரு வார்த்த சொன்னதில்ல அந்தப் பிள்ள." கஸ்பார் தன் உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பார்த்தான். "அது எப்பவோ மாறிப்போனதும் நீரு சொல்லித்தான் தெரியுது. நம்பர்லயே ரெண்டுன்னு போட்டிருந்துச்சே."

"அப்போ எங்க கடைப் போர்டுக்கு உமக்கு ஃபைலு எப்படி வந்துச்சு?"

கஸ்பார் எழுந்துபோய் ஒரு போர்டை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தான். மெமரி சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் நம்பர் முழுசாக, பளிச்சென்று இருந்தது.

"ஆனி மாசத்துல இருந்து நீரு வழிக்கவே இல்லயே வே. நான்கூட நயினாருக்குத் திடீர்னு நல்ல புத்தி வந்துட்டுன்னு நெனச்சேன்."

நயினார் அந்த நம்பரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பொண்டாட்டியின் பிடரியைக் காவல் காத்துக்கொண்டிருந்ததில் தன் கைவேலையை மறந்துபோன ஆள் தான்தான் என்பது மண்டையில் ஏற அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்து, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிக் கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தான்.

ஆடி முடிய இருந்த வாரத்தில் வடிவு தன் சாமான்களை எடுத்துக் கட்டி வைக்கத் தொடங்கினாள், தன் காசில் வாங்கிய மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள், அட்டைப்பெட்டி மூடுகிற டேப்பின் சத்தம் எங்கள் எல்லாக் கடைக்கும் கேட்டது. மதியச் சாப்பாட்டு நேரம், வாடிக்கையாளர் யாருமில்லை. நயினார் உள்ளே போனான். கழுத்துத் துண்டை அவிழ்த்து மேசைமேல் போட்டான், பிளேடை எடுத்து அவள் கையில் கொடுத்தான், ஸ்டூலை இழுத்து அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் மாடியில் நம்பர் வந்த நாளிலிருந்து வடிவைத் தவிர ஒருவர் இன்னொருவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"படிச்சுக்கோ," என்றான். "தேடிப் பாத்துக்கோ. என்ன இருக்கோ எனக்கே தெரியாது. பாத்துட்டு நீ போறதுன்னா போ."

வாசலில் நின்ற எங்களுக்கு அவள் முகம் தெரிந்தது, ஆனால் அதிலிருந்து எதுவும் தெரியவில்லை. வெகுநேரம் நின்றாள். கஸ்பார் தன் கடைவாசலிலிருந்து உள்ளே போய்விட்டான், அந்த அளவுக்கு அவன் நல்லவன். பிறகு பிளேடு சுரண்டுகிற சத்தம் கேட்டது, போர்டில் வழிக்கும்போது கேட்கிற அதே சத்தம், நயினாரின் நீலச் சட்டைக் காலரில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது, வடிவு குனிந்து ஊதிவிட்டாள்.

"முடிஞ்சுது," என்றாள். அந்த ஆடி வெள்ளிக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "இனி உங்களுக்கும் ஃபைலு கெடையாது, எனக்கும் கெடையாது. என்ன தெரியணுமோ கேளுங்க."

நயினார் திரும்பவில்லை. கேட்க அவனிடம் எவ்வளவோ இருந்திருக்கும், கோடு எப்போது மாறியது, எதனால் மாறியது, மாறி யாரிடம் வந்தது என்று எங்களுக்கே கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நம்பரும் ஃபைலும் இல்லாத செத்த போர்டு மேசைக்கு வந்தால் எந்த மெக்கானிக்கும் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பான், உள்ளே கரண்ட் வருகிறதா என்று. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"சாப்ட்டியா?" என்று கேட்டான்.

வடிவு பிளேடை மேசையில் வைத்தாள்.

"இல்ல," என்றாள்.

அவன் எழுந்து, மூலையில் இருந்த தூக்குவாளியை எடுத்து, அவளுக்கு முன்னால் திறந்து வைத்தான். உள்ளே காலையில் அவள் போட்டு வைத்த தயிர்சாதம் அப்படியே இருந்தது, அவனும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆவணி வந்துவிட்டது. மைக்ரோஸ்கோப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது, அவர்கள் இருவரும் படியில் நேராக ஏறிப் போகிறார்கள், பின்னால் யார் வந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்கள் இன்னும் நண்டு மாதிரித்தான் ஏறுகிறோம். எங்களுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது, அதைச் சுடலையின் கடையில் வைத்து நயினாரிடம் கேட்டே விட்டோம், பிளேடு வைப்பதற்கு முன்னால் அவள் அவ்வளவு நேரம் நின்றாளே, நம்பரைப் படித்துக்கொண்டாளா என்று.

"கேட்டேன். படிக்கலன்னு சொன்னா," என்றான்.

"நம்பிட்டீரா?"

"நம்பிட்டேன்," என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான்.

நிஜமாகவே நம்பிவிட்டானா, இல்லை எங்களுக்காகச் சொல்கிறானா என்று பார்க்க, அவன் போகும்போது நாங்கள் அத்தனை பேரும் அவன் பிடரியை எட்டிப் பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை.